காருக்கு அடியில் ஒரு கம்பி

என் கணவருக்கு நாற்பத்தாறு வயதில் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. மற்ற ஆண்களுக்கு அந்த வயதில் சர்க்கரை வரும். நான் கள்ளக்குறிச்சியில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன், அதனால் உறுதியாகவே சொல்லலாம்: அவருக்குச் சர்க்கரை இல்லை. கொழுப்பும் ரிப்போர்ட்டில் அளவோடுதான் இருக்கிறது. ரிப்போர்ட்டில் ஏறாத கொழுப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அவருக்குத் தொழில் சொட்டு நீர்க் குழாய். கரும்பு வயலிலும் மரவள்ளிக் காட்டிலும் குழாய் போட்டுக் கொடுப்பார். கடைக்கென்று ஒரு பிக்கப் வண்டி உண்டு. குடும்பத்துக்கென்று ஒரு கார் இருந்தது, நான்கு கதவுகளோடு, யார் கண்ணையும் உறுத்தாத வெள்ளைக் கார். அதை விற்றுவிட்டு ஒருநாள் பெங்களூரிலிருந்து மாம்பழ மஞ்சளில் ஒன்றை ஓட்டிவந்தார். யாரோ ஒரு கம்ப்யூட்டர்காரர் ஆசை தீர ஓட்டிவிட்டு விற்றது. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. கதவுகள் இரண்டே இரண்டு. பின்னால் இருக்கை என்ற பெயரில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. அங்கே உட்கார வேண்டுமென்றால் கால்களைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

மாமியார் வாசலில் இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

“பின்னாடி கதவு எங்கடா?”

“இதுக்குப் பின்னாடி கதவு கெடையாதும்மா. இது கூப்பே.”

“அது பாத்தாலே தெரியுது. குப்பைய எதுக்குடா வூட்டுக்கு எடுத்தாந்த?”

இவர் பொறுமையாகத் திருத்திச் சொல்லிப் பார்த்தார். மாமியாருக்குக் காது நன்றாகக் கேட்கும். அதனால் திருத்தம் ஏறவில்லை. தெருவிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

முதல் சில மாதங்கள் வண்டி சும்மா ஓடியது. பிறகுதான் அவர் அதில் ஒரு குறை கண்டுபிடித்தார். திருப்பங்களில் திரும்பும்போது காரின் உடம்பு முறுக்கிக்கொள்கிறதாம்.

“எந்தத் திருப்பத்துல?” என்று கேட்டேன். எங்கள் ஊரில் மாடு, ஷேர் ஆட்டோ, பூக்காரம்மா, கரும்பு டிராக்டர் எல்லாவற்றுக்கும் வழிவிட்டுத் திரும்புகிற வேகத்தில் முறுக்கிக்கொள்வதென்றால் அந்த இரும்புக்கு ரொம்ப இளகின மனசாக இருக்க வேண்டும்.

“உனுக்குத் தெரியாது. ஸ்டீரிங்ல தெரியும். அதுக்குப் பிரேஸ் போடணும்.”

எனக்குத் தெரிந்த பிரேஸ் பல்லுக்குப் போடுவது. கோணல் பல்லை நேராக்குகிற கம்பி. “காருக்குப் பல்லு கோணலா இருக்கா?” என்றேன். அவர் என்னை மன்னித்து, சாப்பாட்டு மேசையில் டம்ளர்களையும் தோசைத் திருப்பியையும் வைத்து விளக்கினார். முன் சக்கரங்களின் ஷாக் அப்சார்பர் இரண்டும் மேலே முடிகிற இடங்களை என்ஜினுக்குக் குறுக்காக ஒரு கம்பியால் இணைத்துவிட வேண்டும். காருக்கு அடியிலும் அதே மாதிரி இன்னொரு கம்பி. அப்போது உடம்பு முறுக்காது. சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்கும். தோசைத் திருப்பி இரண்டு டம்ளர்களுக்கு நடுவில் வளையாமல் நின்றது. நிரூபணம் முடிந்துவிட்டது.

கம்பிகள் பார்சலில் வந்தன. நல்ல சிவப்பு, பெயிண்ட் பளபளத்தது. ஜன்னலுக்குத் திரை மாட்டுகிற கம்பி என்று நினைத்து மாமியார் சந்தோஷப்பட்டார். வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்ததும் உள்ளே போய்விட்டார். அடிக்கம்பி நீளமானது, பீரோவுக்குப் பின்னால் நுழையவில்லை. எங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு முனை நீட்டிக்கொண்டு கிடந்தது. அதில் நான் கால் கட்டைவிரலை இடித்துக்கொள்ளாத நாள் இல்லை. அந்தச் சிவப்பை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன். இது பின்னால் உபயோகப்பட்டது.

மாட்டுகிற வேலையைச் சேலம் ரோட்டில் பட்டறை வைத்திருப்பவரிடம் கொடுத்தார். அவர் வடக்கனந்தல்காரர். இவரும் அதே ஊர் என்பதால் சின்ன வயதிலிருந்து பழக்கம். கரும்பு டிரெய்லருக்கு அச்சு வெல்டிங் வைப்பதில் பேர் போனவர். ஸ்போர்ட்ஸ் காரை அதுவரை போனில்தான் பார்த்திருந்தார். அதனாலென்ன, மாட்டுகிற விதத்தையும் போனில் பார்த்துக்கொண்டார்கள். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பையன் கையுறை கறைபடாமல் டீ குடிக்கிற நேரத்தில் மாட்டி முடிக்கிறான். இவர்கள் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மேல்கம்பியோடு மட்டும் மல்லுக்கட்டினார்கள்.

அந்தக் கம்பி இடதுபக்கம் ஸ்டீரிங் உள்ள நாட்டுக்குச் செய்தது. நம் நாட்டில் ஸ்டீரிங் வலதுபக்கம். அதனால் கம்பி போய்ப் பிரேக் ஆயில் டப்பாவில் இடித்தது. இடிக்காமலிருக்க அடியில் வாஷர்களை அடுக்கிக் கம்பியை உயர்த்தினார்கள். உயர்த்தியதும் பானெட் மூடவில்லை. பானெட் மூட, அதன் உள்பக்கம் ஒட்டியிருந்த மெத்தையைக் கத்தியால் அறுத்தெடுத்தார்கள். இவ்வளவும் செய்து மூடிய பிறகு பார்த்தால் கார் வெளியிலிருந்து முன்பு இருந்த மாதிரியே இருந்தது. இவர் மட்டும் அதைப் பிறந்த குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அடிக்கம்பியை மறுநாள் மாட்டுவதாகப் பட்டறைக்காரர் சொல்லி வண்டியை வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் இவர் போய் எடுத்து வந்தார். வந்தவர் வீட்டுக்குள் நுழையவில்லை. ஹாரன் அடித்து என்னை வெளியே கூப்பிட்டார்.

“ஏறு.”

“அடுப்புல சாம்பார் இருக்குது.”

“அணைச்சிட்டு ஏறு.”

புறவழிச்சாலையில் ஒரு சுற்று போனோம். லாரிகளுக்கு நடுவில் இடமும் வலமுமாகக் கொஞ்சம் ஆட்டிக் காட்டினார். “அடியில போட்டதுதான் மேட்டரு. மேல போட்டது சும்மா. இப்ப பாரு, ரயிலு மாரி போவுது. வித்தியாசம் தெரியுதா?”

எனக்கு முழங்கை கதவில் இடித்தது மட்டும் தெரிந்தது. முந்தைய வாரமும் அப்படித்தான் இடித்தது. “தெரியுதுங்க” என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடங்களில் கற்றுக்கொண்ட ஒரே சுருக்கெழுத்து அது.

அடுத்த சில நாட்கள் வீட்டில் அடிக்கம்பிப் புராணம்தான். கடைக்கு வருகிற விவசாயிகளிடம் சொன்னார். ஒரு பெரியவர் பொறுமையாக முழுவதும் கேட்டுவிட்டு, “செரிங்க, அது போட்டா தண்ணி நல்லா வருமா?” என்று கேட்டாராம். அவர் குழாய் வாங்க வந்தவர்.

அந்த வாரமே என் ஸ்கூட்டரின் சைடு ஸ்டாண்டு உடைந்தது. வெல்டிங் வைக்க அதே பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் வேலையாக இருந்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசல் இயந்திரத்துக்குப் பின்னால், சுவரோரமாக, சாக்குப் பையில் சுற்றி ஏதோ நிறுத்தியிருந்தது. முனையில் கொஞ்சம் சிவப்பு தெரிந்தது. என் கட்டைவிரல் முதலில் கண்டுகொண்டது, அப்புறம்தான் நான்.

“இன்னாப்பா இது?”

பட்டறைக்காரர் திரும்பிப் பார்த்தார். முகத்துக்குப் பிடித்திருந்த வெல்டிங் கண்ணாடியைக் கீழே இறக்காமலேயே பேசினார்.

“அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க.”

“மாட்டலியா?”

“மாட்னேன். மாட்டிட்டு ஒரு ரவுண்டு போவலாம்னு போனா, பஸ் ஸ்டாண்டாண்ட இருக்குற ஸ்பீடு பிரேக்கர்ல வண்டி அப்டியே உக்காந்துக்கிச்சி. இங்கயும் போவல, அங்கயும் போவல. ஜனம் கூடிப்போச்சி. நாலு பேரு தூக்கி விட்டாங்க. கொண்டாந்து கழட்டிட்டேன். அண்ணன் வந்ததும் சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

“சொல்ல வேண்டிதான?”

“அவுரு வந்ததும் சாவிய வாங்கிக்கினு வண்டியோட போயிட்டாருங்க. திரும்பி வந்து என்னைக் கட்டிப் புடிச்சிக்கினாரு. ரயிலு மாரி போவுதுடா, எல்லாம் அடிக்கம்பிதான்டான்னு சொல்றாரு. அப்பறம் நான் இன்னாத்த சொல்றது?”

அவர் கேட்டது நியாயம்தான். என் பரிசோதனை நிலையத்தில் தினமும் பார்க்கிறேன். ரத்தம் எடுக்க வருகிறவர் நான் ஊசியை உருவியதும் பஞ்சை அழுத்திக்கொண்டு, “இப்ப கொஞ்சம் பரவால்லமா” என்பார். நான் எடுத்திருக்கிறேனே தவிர எதையும் போடவில்லை என்று அவரிடம் சொல்வதுண்டா? சொல்வதில்லை. அதனால் பட்டறைக்காரரை நான் குறை சொல்லவில்லை. சாக்கை மட்டும் முனை வரை இழுத்து மூடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபின் எனக்கு அது ஒரு பண்டிகையாக இருந்தது. அவர் அடிக்கம்பியைப் பற்றி ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்டேன். கேள்விகூடக் கேட்டேன். “மழையில இன்னும் நல்லா தெரியுமோ?” என்றால், “தெரியும், ஜாஸ்தி தெரியும்” என்பார். அவர் சொல்வதில் நான் இவ்வளவு அக்கறை காட்டியது கல்யாணமான புதிதில்கூட இல்லை. மனிதர் பூரித்துப்போனார்.

அந்தப் பூரிப்பில்தான் மலைக்குப் போகலாம் என்றார். வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் புது வீடு கட்டிப் புகுகிறார். மரவள்ளிக்குக் குழாய் போட்டவர், சாமையும் விதைக்கிறவர். அழைப்பு வந்திருந்தது. வழக்கமாகப் பிக்கப்பில் தனியாகப் போய்வருவார். இந்தத் தடவை கூப்பேயில், நானும் கூட. கொண்டை ஊசி வளைவுகளில்தான் கம்பியின் அருமை தெரியுமாம். மாமியாரையும் கூப்பிட்டார். “குப்பையில நான் ஏறமாட்டேன்” என்று அவர் டிவியைப் போட்டுக்கொண்டார்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் இவர் ஜன்னல்களை ஏற்றிவிட்டு இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஒரு முன்னுரை, வளைந்தபின் ஒரு விளக்கவுரை. “பாத்தியா, சாயவே இல்ல. கம்பி இல்லாங்காட்டி இந்நேரம் உன் தல கண்ணாடில இடிச்சிருக்கும்.” நான் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். நடுவில் ஒரு ஜீப், உச்சியில் பலாப்பழங்களும் பின்னால் தொங்கிக்கொண்டு ஐந்தாறு பேருமாக, எங்களை வளைவிலேயே முந்திக்கொண்டு போனது. ஓட்டுகிறவர் ஒரு கையில் போன் பேசிக்கொண்டிருந்தார்.

“அவன் இந்த ரோட்டுல பழகினவன்” என்றார் இவர். அதற்குமேல் அந்த ஜீப்பைப் பற்றிப் பேச்சில்லை.

மேலே கொஞ்ச தூரம் சமமாகப் போகிற இடத்தில், சாலையோரத்தில் கிடந்த கூரான கல் ஒன்று டயரைக் கிழித்துவிட்டது. இறங்கிப் பார்த்தோம். பின் சக்கரம் சப்பையாக இருந்தது. அப்போது பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் இருந்தவர் மடியில் பெரிய எவர்சில்வர் அண்டாவை வைத்திருந்தார். அவர்களும் அதே புதுமனைப் புகுவிழாவுக்குத்தான் போகிறார்கள், வீட்டுக்காரருக்குப் பங்காளிகள். பைக்கை நிறுத்திவிட்டு உதவிக்கு வந்தார்கள். இருவரில் மூத்தவர், தோளில் பச்சைத் துண்டு போட்டவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜாக்கியை வாங்கிக்கொண்டார்.

“பாத்து வைங்க” என்றார் இவர். “அடியில குறுக்க ஒரு கம்பி போட்டுக்கீறேன். வெளிநாட்டுச் சரக்கு. அதுல ஜாக்கி பட்டுடப் போவுது.”

எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் அண்டாவைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

பச்சைத் துண்டுக்காரர் குனிந்து, போன் வெளிச்சத்தை அடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

“எந்தக் கம்பிங்க?”

“முன்னாடி பாருங்க. செவப்பா இருக்கும்.”

அவர் முன்பக்கம் போய் முட்டி போட்டுப் பார்த்தார். “செவப்பா ஒன்னியும் காணுங்களே சார்.”

இவருக்குக் கோபம் வந்தது. விழாவுக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு அப்படியே மண்ணில் மல்லாக்கப் படுத்துத் தலையைக் காருக்கு அடியில் நுழைத்தார். போனை வாங்கிக்கொண்டார். வெளிச்சம் மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது, திரும்பி வந்தது, நடுவில் நின்றது. இரண்டு கால்களும் மட்டும் வெளியே. செருப்பு அசையவில்லை.

இந்த நிமிடத்துக்காகத்தான் நான் அத்தனை நாள் காத்திருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன சொல்வதென்றுகூட யோசித்து வைத்திருந்தேன். “ரயிலு எங்கங்க?” என்று கேட்பதாகத் திட்டம். ஆனால் அவர் வெளியே வரவில்லை. வேண்டிய நேரத்தைவிட ரொம்ப நேரம் உள்ளேயே கிடந்தார். பைக்கில் வந்த இரண்டாமவர் என்னைப் பார்த்து, “சாருக்கு மூச்சு கீச்சு அடைக்குதா?” என்று கவலையோடு கேட்டார்.

ஒருவழியாக எழுந்து வந்தார். முகத்தை யாருக்கும் காட்டாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“இருக்குது. உள்ளார தள்ளி இருக்குது. உங்களுக்குத் தெரியாது.”

பச்சைத் துண்டுக்காரர் அவரை ஒரு கணம் பார்த்தார். “செரிங்க” என்றார். ஜாக்கியை வைத்தார். ஸ்டெப்னியை மாட்டினார்கள்.

அவர் முதுகு முழுக்கச் செம்மண். நான் போய்த் தட்டிவிட்டேன். போகவில்லை. தட்டும்போது தோள்பட்டை கொஞ்சம் தொங்கியிருந்தது தெரிந்தது. நான் தயாராக வைத்திருந்த வாக்கியம் வாய் வரைக்கும் வந்து, “விடுங்க, வூட்டுல போய் ஊற வெச்சிக்கலாம்” என்று மாறி வெளியே வந்தது. எனக்கே என் மேல் ஏமாற்றம்தான்.

மீதி வழியில் முன்னுரையும் இல்லை, விளக்கவுரையும் இல்லை. வளைவுகள் தம்பாட்டுக்கு வந்து போயின.

விழா வீட்டில் பந்தியில் உட்கார்ந்தோம். வாழை இலையில் சாமைப் பாயசம் வரை எல்லாம் இருந்தது. எதிர் வரிசையில் பச்சைத் துண்டுக்காரர். வீட்டுக்காரர் ஒவ்வொருவராகக் கவனித்துக்கொண்டு வந்தவர் இவர் முன்னால் நின்றார்.

“வண்டிக்கு இன்னாமோ கம்பி போட்டுக்கீறீங்களாமே. கடையில சொன்னாங்க. எப்டிங்க போவுது?”

நான் இலையைப் பார்த்தேன். எதிரே பச்சைத் துண்டுக்காரரும் இலையைப் பார்த்தார்.

இவர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். “நல்லா போவுதுங்க” என்றார். பிறகு, இவ்வளவு தூரம் வந்தபின் நிறுத்துவானேன் என்று நினைத்தாரோ என்னவோ, “கல்லு மாரி நிக்குது” என்று சேர்த்துக்கொண்டார்.

“இங்க ரசம்” என்றார் பச்சைத் துண்டுக்காரர், பரிமாறுகிற பையனைப் பார்த்து. அவர் இலையில் ரசம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

இறங்கி வரும்போது இவர் தன்பாட்டில் ஓட்டினார். பொய் சொல்ல நேர்ந்த கோபம் அவருக்கு யார் மேல் என்று தெரியவில்லை. பட்டறைக்காரர் மேலா, தன் மேலா, இல்லாத வித்தியாசத்தைக் காட்டிய அந்த ஸ்டீரிங் மேலா. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அல்லது தெரியும். இன்றுவரை நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. வீட்டில் மாமியார், “மல எப்டி இருந்திச்சி?” என்று கேட்டதற்கு, “குளிரா இருந்திச்சி” என்றார். மத்தியான வெயிலில் போய்வந்திருந்தோம்.

மறுநாள் காலையில் காரைப் பட்டறையில் விட்டுவிட்டு நடந்தே கடைக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்று பட்டறைக்காரர் பிறகு எனக்குப் போன் செய்து சொன்னார். திட்டுவார், இல்லை ஒரு அறைகூட விடுவார் என்று அவர் தயாராக நின்றாராம். இவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு, “அடிக்கம்பி போல்ட்டு கொஞ்சம் லூசா இருக்குற மாரி இருக்குது, பாத்து டைட் பண்ணு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். பட்டறைக்காரர் சாக்கைப் பிரித்து, கம்பியை எடுத்து, போல்ட்டை டைட் செய்தார். டைட் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே மொத்தக் கம்பியையும் மாட்டிய வேலை சேலம் ரோட்டில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

ஆக, இப்போது கம்பி நிஜமாகவே இருக்கிறது. இருப்பதால் வண்டியால் எங்கேயும் போக முடிவதில்லை. எங்கள் தெருமுனை ஸ்பீடு பிரேக்கரைக் கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றித்தான் தாண்ட வேண்டும். அப்படியும் அடியில் ஒரு சத்தம் வரும், கரும்பலகையில் ஆணியால் கிழிக்கிற மாதிரி. அந்தச் சத்தம் கேட்கும்போது இவர் பல்லைக் கடித்துக்கொள்வார். வித்தியாசம் தெரிகிறதா என்று இப்போதெல்லாம் யாரையும் கேட்பதில்லை. கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் பிக்கப்தான். மாமியார் அதில் முன் இருக்கையில் ராணி மாதிரி ஏறிப் போய்வருகிறார்.

சென்ற மாதம் திருநாவலூர் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. பிக்கப்பில் குழாய் ஏற்றியிருந்ததால் கூப்பேயை எடுத்தார். நெடுஞ்சாலை வரைக்கும் சரியாகத்தான் போனது. கிளைச் சாலையில் திரும்பியதும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஸ்பீடு பிரேக்கர் வந்தது. யாரோ ஆசையோடு மண் கொட்டிக் கட்டியது போல, நல்ல உயரம். வண்டி அதன்மேல் ஏறப் பார்த்து, அடி இடித்து, பின்வாங்கியது. இவர் மேட்டை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

“நீ வேணும்னா கொஞ்சம் எறங்கிக்கிறியா? பாரம் கம்மியாவும்.”

என் எடையை இவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை. இறங்கினேன். பட்டுப்புடவை, பூக்கூடை, தேங்காய்த் தட்டு எல்லாவற்றோடும் ஸ்பீடு பிரேக்கரை நடந்து தாண்டினேன். பின்னால் வண்டி எறும்பு மாதிரி ஊர்ந்து வந்தது.

ஓரத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா என்னையும் பார்த்தார், என் பின்னால் வருகிற மஞ்சள் காரையும் பார்த்தார்.

“இன்னாமா, கோவிச்சிக்கினு எறங்கிட்டியா?”

“இல்லக்கா. வண்டிக்கு பாரமாம்.”

அவர் திரும்பி இவரைப் பார்த்தார். கண்ணாடி வழியாக இவர் முகம் தெரிந்தது. கீழே சத்தம் வருகிறதா என்று காதைக் கூர்மையாக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு ஓட்டிவந்தார்.

“ஏறிக்கம்மா” என்றார் கொய்யாக்காரம்மா. “பாவம், அந்தாளு மூஞ்சியப் பாத்தா ஒன்னியும் தெரியாத மாரி கீது.”

நான் அவரிடம் கொய்யா வாங்கிக்கொண்டு ஏறிக்கொண்டேன்.